அலாரம் சத்தத்துக்கு ரேங்க் போடுறது எப்படி (சண்டை வரும், வரட்டும்)

எங்க கேங்ல ஒரு தடவ "லேட்டா வர்றதுக்கு சொல்ற காரணங்கள்ல எது பெஸ்ட்"னு பேச்சு ஆரம்பிச்சுது. பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும்னு நெனச்சோம், ரெண்டே கால் மணி நேரம் ஓடுச்சு, ஒருத்தன் எந்திரிச்சு நின்னு வாதாடுனான், ஒருத்தி பேப்பர் எடுத்து படம் போட்டு விளக்குனா, "போன்ல சார்ஜ் இல்ல" கட்சிக்காரன் வீட்டுக்குப் போற வழியில போன் பண்ணி "மச்சி ஒரு பாயிண்ட் விட்டுப்போச்சு"ன்னான் (போன்ல சார்ஜ் இருந்துச்சு, கவனிச்சுக்கோங்க). அதுக்கு அடுத்த வாரம் கொஞ்சம் கௌரவமா இருப்போமேன்னு "வாழ்க்கைல எது முக்கியம்"னு ஒரு தலைப்பு எடுத்தோம். இருபது நிமிஷத்துல செத்துப்போச்சு. எல்லாரும் நல்லபிள்ளையா ஆளுக்கு ரெண்டு வரி சொல்லிட்டு போனை நோண்ட ஆரம்பிச்சுட்டாங்க.

அன்னிக்கு புரிஞ்சுது. ரேங்க் போடுற விளையாட்டுல விஷயம் அற்பமா இருக்கணும், ரூல்ஸ் கறாரா இருக்கணும். நாம எல்லாரும் இதை தலைகீழா பண்றோம், பெரிய விஷயத்தை எடுத்துக்கிட்டு ரூல்ஸே இல்லாம கத்திக்கிறோம், அப்புறம் "இவனுங்களோட பேசவே முடியாதுப்பா"ன்னு சலிச்சுக்கிறோம். பல வருஷமா இதையே பொழப்பா வெச்சிருக்கோம், அதுல கத்துக்கிட்டதை எழுதுறேன், வேணுங்கிறதை எடுத்துக்கோங்க.

மொதல்ல தலைப்பு

நல்ல தலைப்புக்கு ஒரே டெஸ்ட்தான். தலைப்பை சொன்ன உடனே ஒருத்தராவது "இதுல பேச என்ன இருக்கு, ஒண்ணாவது இடம் இதுதானே"ன்னு சொல்லணும், பக்கத்துல இருக்கிறவர் அவரை பைத்தியத்தைப் பாக்குற மாதிரி பாக்கணும். அது நடந்துச்சுன்னா தலைப்பு ஓகே. எல்லாரும் "ம்ம், நல்லாருக்கே"ன்னு தலையாட்டினா தூக்கிப் போட்டுடுங்க.

எல்லாருக்கும் அனுபவம் இருக்கணும்ங்கிறது ரொம்ப முக்கியம். அங்கதான் சினிமா, சீரிஸ் தலைப்பெல்லாம் சொதப்பும். "இந்த வருஷம் வந்த பெஸ்ட் படங்கள்"னு எடுத்தா அஞ்சு பேர்ல ரெண்டு பேர் பாதி படம் பாத்திருக்க மாட்டாங்க, அவங்க சும்மா உக்காந்திருப்பாங்க, இல்லன்னா பாக்காமலே அடிச்சு விடுவாங்க (ரெண்டாவது வகை எங்க கேங்ல ஒருத்தன் இருக்கான், டிரெய்லரை வெச்சே க்ளைமாக்ஸை விமர்சனம் பண்ணுவான்). அதனால படத்துக்கு பதிலா படத்துல திரும்பத் திரும்ப வர்ற சமாச்சாரத்தை எடுங்க. வில்லன் சிரிப்பு வகைகள், தலையில அடிபட்டு ஞாபகம் போறது, அடுத்த அடியில ஞாபகம் திரும்புறது, சாகப் போறவர் முக்கியமான பேரை சொல்ல வரும்போது மூச்சு நிக்கிறது, வயர்ல சிவப்பா நீலமா எதை வெட்டுறது, ஹேக்கர் கீபோர்டை பத்து தட்டு தட்டிட்டு "உள்ள போயிட்டேன்"ங்கிறது. இதை பாக்காத ஆள் உலகத்துலயே கிடையாது.

அன்றாட சாமான்லயும் இப்படித்தான். அலாரம் சத்தம், சாக்ஸ் தொலையுற விதங்கள், வாரத்தோட ஏழு நாள், லிஃப்ட்ல தெரியாதவங்களோட நிக்கும்போது எங்க பாக்குறது, "அப்புறம் பேசுறேன்"னு போனை வைக்கிறதுக்கு சொல்ற பொய், சார்ஜர் வயர் எந்த இடத்துல பிய்யும். பொருளை விட நிலைமைக்கு ரேங்க் போட்டா பேச்சு நீளும், ஏன்னா ஒவ்வொருத்தருக்கும் அதுல ஒரு கதை இருக்கும். "தலையணை"ன்னு எடுத்தா ஒண்ணும் வராது. "நடுராத்திரி தலையணையோட குளிர்ச்சியான பக்கத்தை திருப்புறது"ன்னு சொல்லிப் பாருங்க, ரெண்டு பேர் கண்ணை மூடிக்கிட்டு ஒரு நிமிஷம் மௌனமாயிடுவாங்க.

எத்தனை ஐட்டம் வெக்கிறதுன்னு கேட்டா 8 இல்ல 16. காரணம் கீழ நாக்அவுட்ல வரும். 25, 30 எல்லாம் வேண்டாம், பதினாறுக்கு மேல போனாலே நடுவுல இருக்கிறதெல்லாம் ஒரே கொழகொழன்னு ஆயிடும், யாருக்கும் ஒன்பதாவதுக்கும் பதினொண்ணாவதுக்கும் வித்தியாசம் தெரியாது. லிஸ்ட்டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மூடி சீல் வெச்சிருங்க. பாதியில "அய்யோ இதை விட்டுட்டோமே"ன்னு ஒரு குரல் வரும், கண்டிப்பா வரும், இரக்கப்படாதீங்க.

பெஸ்ட்னா எதுல பெஸ்ட்?

எங்களுக்கு வந்த நிஜமான சண்டைல பாதி இதனால வந்ததுதான். அலாரம் சத்தத்துல நான் "பெஸ்ட்"னா எழுப்பி விடுறதுன்னு நெனச்சுக்கிட்டு பேசிட்டிருந்தேன், கேங்ல ஒருத்தி "பெஸ்ட்"னா காதுக்கு இதமா இருக்கிறதுன்னு பேசிட்டிருந்தா, அரை மணி நேரம் ஒருத்தரை ஒருத்தர் முட்டாள்னு நெனச்சுக்கிட்டோம், ரெண்டு பேரும் வேற வேற பரீட்சை எழுதிக்கிட்டிருந்தோம். அதனால முதல் அஞ்சு நிமிஷம் அளவுகோலை ஒரே வரியில எழுதி நடுவுல வெச்சிருங்க. "தூக்கத்துல இருந்து எழுப்புற சக்தி, வேற எதுவும் கணக்குல இல்ல." முடிஞ்சுது.

அளவுகோல் எவ்வளவு வினோதமா இருக்கோ அவ்வளவு நல்லது. ஏழு நாளை "எது நல்ல நாள்"னு வரிசைப்படுத்தினா சப்புன்னு இருக்கும், "எந்த நாள்கிட்ட கடன் குடுத்தா திரும்பி வரும்"னு வரிசைப்படுத்துங்க. செவ்வாய்க்கிழமை மேல எங்களுக்கு திடீர்னு வந்த மரியாதை அப்படி வந்ததுதான்.

இன்னொண்ணு, ரேங்க்ங்கிறது வரிசை மட்டும்தான், தூரம் இல்ல. ஃப்ரெட்ரிக் மோஸ்னு ஒருத்தர் 1812ல கனிமங்களோட கடினத்துக்கு 1லேருந்து 10 வரைக்கும் ஒரு அளவு போட்டாரு, எது எதை கீறும்ங்கிறதை வெச்சு வரிசைப்படுத்தினது, 1ல டால்க், 10ல வைரம். 9ல கொரண்டம்னு ஒண்ணு இருக்கு, மாணிக்கம், நீலம் எல்லாம் அந்த ஜாதி. 9க்கும் 10க்கும் ஒரு படிதானேன்னு தோணும், ஆனா நிஜமா அளந்து பாத்தா வைரம் அதை விட கிட்டத்தட்ட நாலு மடங்கு கடினம். நம்ம லிஸ்ட்லயும் அதேதான். ஒண்ணாவது இடத்துக்கும் ரெண்டாவது இடத்துக்கும் நடுவுல மலை இருக்கலாம், அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல ஒரு மயிரிழை கூட இல்லாம இருக்கலாம். "என்னோடது ஆறாவதா?!"ன்னு கொதிக்கிறவங்களுக்கு இந்த வைரக் கதையை சொல்லி தண்ணி குடுங்க.

எந்த முறையில போடுறது

நாலு முறை இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம்.

சோம்பேறிகளுக்கு ஏத்தது டியர் லிஸ்ட். எஸ், ஏ, பி, சி, டி, எஃப்னு அடுக்கு போட்டு ஒவ்வொரு ஐட்டத்தையும் ஒரு அடுக்குல போடுறது. ஏ-வுக்கு மேல எதுக்குடா எஸ்னு கேப்பாங்க, அது ஜப்பான்ல இருந்து வந்தது, அங்க மார்க் போடும்போது ஏ-வுக்கு மேல எஸ் குடுக்கிற பழக்கம் இருக்கு, வீடியோ கேம் வழியா உலகம் பூரா பரவிடுச்சு. சண்டை கேம் ஆடுறவங்கதான் எந்த கேரக்டர் பலம், எது வீண்னு இந்த மாதிரி அடுக்கி அடுக்கி இதை ஒரு கலையா ஆக்கினாங்க. டியர்மேக்கர் மாதிரி சைட்ல படத்தை இழுத்து இழுத்து போட்டுக்கலாம், இல்ல ஒரு பேப்பர்ல ஆறு கோடு போட்டா போதும், ஸ்டிக்கி நோட் இருந்தா இன்னும் சுகம்.

இதுல ஒரு வியாதி இருக்கு. மனுஷங்களுக்கு எதையும் கீழ போட மனசு வராது, கடைசியில எல்லாமே ஏ-லயும் பி-லயும் நெரிசலா நிக்கும், டி அடுக்கு காத்து வாங்கும். அதுக்கு மருந்து கோட்டா. 16 ஐட்டம்னா எஸ்ல ரெண்டே ரெண்டு, எஃப்ல கட்டாயம் ரெண்டு. மூணாவது ஒண்ணு எஸ்க்கு வரணும்னா ஏற்கனவே இருக்கிறதுல ஒண்ணை கையால எடுத்து கீழ இறக்கணும். இறக்குறவர் அதை நேரா பாத்து மன்னிப்பு கேக்கணும், இது எங்க கேங் ரூல், நீங்க வெச்சுக்கணும்னு கட்டாயம் இல்ல ஆனா ஸ்டிக்கி நோட்கிட்ட ஒருத்தன் "சாரிடா கண்ணா"ன்னு சொல்றதை பாத்தா விட மாட்டீங்க.

அடுத்தது நாக்அவுட். ரெண்டு ரெண்டா மோத விட்டு, ஜெயிச்சது அடுத்த ரவுண்ட். 16 ஐட்டத்துக்கு 15 மோதல், எப்படி சுத்திப் போட்டாலும் 15தான், ஏன்னா ஒவ்வொரு மோதல்லயும் ஒண்ணு வெளிய போகுது, கடைசியில ஒண்ணுதான் மிஞ்சணும். எல்லாத்தையும் எல்லாத்தோடயும் மோத விட்டா 120 ஆகும், விடிஞ்சிரும். 8, 16னு வெக்கச் சொன்னது இதுக்குத்தான், பாதி பாதியா குறைஞ்சுக்கிட்டே வரும், யாரும் சும்மா உக்காந்து அடுத்த ரவுண்டுக்கு போக வேண்டியதில்ல.

நாக்அவுட்ல சூப்பரா ஒண்ணு ஜெயிக்கும், ஆனா ரெண்டாவது இடம் பொய். நெஜமான ரெண்டாவது ஆளு முதல் ரவுண்டுலயே ராஜாகிட்ட மாட்டி அவுட் ஆயிருக்கலாம். அதனாலதான் டென்னிஸ்ல பலமானவங்களை தனித்தனி பக்கம் பிரிச்சு போடுறாங்க. நீங்களும் எல்லாரும் பெருசா நெனக்கிற நாலை நாலு மூலையில போட்டுட்டு மிச்சத்தை சீட்டு குலுக்குங்க. ஒரு தடவ நாங்க பூரா குலுக்கல்ல விட்டோம், "மழை பெய்யும்போது போர்வைக்குள்ள இருக்கிறது"ம் "இன்னிக்கு லீவுன்னு தூக்கத்துல ஞாபகம் வர்றது"ம் முதல் ரவுண்டுலயே மோதிக்கிச்சு. அந்த காயம் இன்னும் ஆறல.

மூணாவது பாயிண்ட் முறை, எனக்குப் பிடிச்சது. எல்லாரும் தனித்தனியா பேப்பர்ல வரிசை எழுதி, முதல் இடத்துக்கு அதிக பாயிண்ட், கடைசிக்கு ஒரு பாயிண்ட்னு கூட்டிப் பாக்குறது. ஷான் ஷார்ல் த போர்தான்னு பிரெஞ்சு கடற்படைல இருந்த கணித அறிஞர் 1770லயே பாரிஸ்ல அறிவியல் அகாடமிகிட்ட இதை எடுத்து வெச்சாரு. யூரோவிஷன் பாட்டுப் போட்டியில 1975லேருந்து பத்து பாட்டுக்கு 12, 10, அப்புறம் 8லேருந்து 1 வரைக்கும்னு குடுக்குறதும் இந்த குடும்பம்தான். மேல ரெண்டு இடத்துக்கும் கொஞ்சம் எக்ஸ்ட்ரா குடுத்தா "பிடிச்சது"க்கும் "ரொம்பப் பிடிச்சது"க்கும் மரியாதை வரும், நல்ல யோசனை, திருடிக்கோங்க.

ஆனா இந்த முறைல எப்படி தில்லுமுல்லு நடக்கும்னு தெரிஞ்சுக்கணும். நம்ம லேட் காரணத்தையே எடுத்துக்குவோம். நாலு காரணம், அஞ்சு பேரு, முதல் இடத்துக்கு 4, கடைசிக்கு 1. மூணு பேரு "கெளம்பிட்டேன், வந்துட்டே இருக்கேன்"ங்கிறதுக்கு முதல் இடம், "டிராஃபிக்"குக்கு ரெண்டாவது இடம் போடுறாங்க. மிச்ச ரெண்டு பேரு டிராஃபிக் கட்சி, அதுக்கு முதல் இடம், "கெளம்பிட்டேன்"க்கு ரெண்டாவது. கூட்டினா "கெளம்பிட்டேன்" 12ம் 6ம் சேந்து 18, டிராஃபிக் 9ம் 8ம் சேந்து 17. நியாயமா ஜெயிச்சிடுச்சு. இப்ப அந்த ரெண்டு டிராஃபிக் ஆளுங்க கண்ணால பேசிக்கிட்டு "கெளம்பிட்டேன்"ஐ கடைசில தள்ளிடுறாங்கன்னு வைங்க, அதுக்கு 12ம் 2ம் சேந்து வெறும் 14. அஞ்சுல மூணு பேரு முதல் இடம் குடுத்தும் மண்ணைக் கவ்வுது. இது எங்க கேங்ல நடந்தே நடந்துச்சு, அன்னிக்கு கணக்கு போட்டுப் பாத்தவ பேப்பரை மேஜைல வெச்சுட்டு ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி பாத்த பார்வை இருக்கே. போர்தாகிட்டயும் இந்த ஓட்டையை யாரோ சுட்டிக் காட்டுனப்ப "என் முறை நேர்மையானவங்களுக்கு மட்டும்தான்"னு பதில் சொன்னதா சொல்வாங்க. அவருக்கும் எங்க கேங் மாதிரி ஒண்ணு வாய்ச்சிருக்கும் போல.

தடுக்கிறதுக்கு வழி, ஓட்டு எழுதுறதுக்கு முன்னாடி யாரும் யாரு எந்தக் கட்சின்னு சொல்லக்கூடாது, எழுதி முடிச்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல பேப்பரை திருப்பணும், எந்த ஐட்டத்தையாவது கடைசில போட்டவர் சபைல அதுக்கு அரை நிமிஷம் காரணம் சொல்லணும். காரணம் சொல்ற கட்டாயம் வந்தாலே பாதி பேருக்கு நேர்மை வந்துரும்.

நாலாவது டிராஃப்ட். ஸ்போர்ட்ஸ்ல டீம் எடுக்கிற மாதிரி ஆளாளுக்கு மாத்தி மாத்தி ஒண்ணொண்ணா எடுக்கிறது, ஒருத்தர் எடுத்தது மத்தவருக்கு கிடையாது. இதுல முக்கியம் பாம்பு வரிசை, அதாவது நாலு பேருன்னா 1, 2, 3, 4ன்னு போய்ட்டு அப்படியே திரும்பி 4, 3, 2, 1னு வரணும், இல்லன்னா முதல்ல எடுக்கிறவனே ஒவ்வொரு ரவுண்டும் நல்லதை எடுத்துட்டு போயிடுவான். சூப்பர் பவர், கற்பனைப் பிராணிகள், ஆளில்லாத தீவுக்கு எடுத்துட்டு போற சாமான், கொள்ளையடிக்கப் போற டீம்ல எந்த வகை கேரக்டர் வேணும், இதுக்கெல்லாம் டிராஃப்ட்தான் சரி. எல்லாரும் எடுத்து முடிச்சதும் யாரோட டீம் பெஸ்ட்னு வெளிய இருக்கிற ஒரு ஆளுக்கு பேரு இல்லாம அனுப்பி தீர்ப்பு கேளுங்க. அவருக்கு எந்த டீம் யாரோடதுன்னு தெரியவே கூடாது.

இது நாலும் போக செஸ்ல இருக்கிற ஏலோ ரேட்டிங் (ஜெயிச்சா புள்ளி ஏறும், தோத்தா இறங்கும்) மாதிரி போடலாமான்னு எங்க கேங் கணக்குப்பிள்ளை கேட்டான். போடலாம், அர்பாத் ஏலோங்கிற பேராசிரியர் செஸ்காக பண்ணது, உலக செஸ் ஃபெடரேஷன் 1970ல எடுத்துக்கிச்சு, 400 புள்ளி கூட இருக்கிற ஆளுக்கு பத்துக்கு ஒண்ணுங்கிற கணக்குல வாய்ப்பு அதிகம். ஆனா அதுக்கு நூத்துக்கணக்குல மோதல் வேணும், எக்செல் ஷீட் வேணும், அப்புறம் அந்த ஷீட்டை பாக்குறவன் ஒருத்தன்தான் இருப்பான். எங்க ஷீட் இன்னும் இருக்கு. யாரும் தொறக்கிறதில்ல.

முடியவே முடியாத சண்டை

சில நேரம் எவ்வளவு பேசினாலும் முடிவு வராது, யாரோ பிடிவாதம் பிடிக்கிறாங்கன்னு நெனப்பீங்க, ஆனா யார் மேலயும் தப்பே இருக்காது. மூணு பேர் இருக்கீங்க. ஒருத்தருக்கு வெள்ளி சாயந்திரம், சனி காலை, ஞாயிறு காலைன்னு வரிசை. ரெண்டாமவருக்கு சனி, ஞாயிறு, வெள்ளி. மூணாமவருக்கு ஞாயிறு, வெள்ளி, சனி. இப்ப ரெண்டு ரெண்டா கேட்டுப் பாருங்க. வெள்ளியா சனியா? ரெண்டு பேர் வெள்ளி. சனியா ஞாயிறா? ரெண்டு பேர் சனி. சரி அப்போ வெள்ளிதான் ஞாயிறை ஈஸியா ஜெயிக்கணும் இல்ல? கேட்டா ரெண்டு பேர் ஞாயிறுங்கிறாங்க. கல், பேப்பர், கத்திரி மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். கோந்தோர்செங்கிற பிரெஞ்சுக்காரர் 1785லயே இந்த சிக்கலை எழுதி வெச்சுட்டாரு. அப்புறம் கென்னத் ஆரோன்னு ஒரு பொருளாதார அறிஞர் வந்து 1951ல ஒரு புத்தகமே போட்டாரு, மூணு இல்ல அதுக்கு மேல ஐட்டம் இருந்து, ஆளாளுக்கு வெறும் வரிசை மட்டும் குடுத்தா, நியாயமானதுன்னு நாம எதிர்பாக்குற சில சின்ன நிபந்தனைகள் எல்லாத்தையும் ஒண்ணா திருப்திப்படுத்துற முறையே இருக்க முடியாதுன்னு கணக்கா நிரூபிச்சிட்டாரு. 1972ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சுது.

அதாவது உங்க கேங் ராத்திரி ஒரு மணிக்கு "இது அநியாயம்"னு கத்துறது நிரூபிக்கப்பட்ட உண்மை. அதனால சுழல் வந்துச்சுன்னா மேல மேல பேசாதீங்க, மூணுக்கும் ஒரே இடம் குடுங்க, இல்ல காசை சுண்டுங்க. "இன்னும் ஒரு தடவ ஓட்டு போடலாம்"னு சொல்றவனை நம்பாதீங்க, யாருக்கு தூக்கம் மொதல்ல வருதோ அவங்கதான் தோப்பாங்க, அது ரேங்க் இல்ல.

நடுவரும் மத்தவங்களும்

நடுவர் ஒருத்தர் வேணும், ஒவ்வொரு தடவையும் ஆள் மாறணும். அவருக்கு ஓட்டு கிடையாது, ஆனா சமநிலை வந்தா முடிவு அவரோடது. குரல் சத்தமா இருக்கிறவரை நடுவராக்குங்க, மூணு பிரச்சனைக்கு ஒரே மருந்து: அவர் வாதாட முடியாது, மத்தவங்க பேச்சு கேக்கும், அவருக்கும் பெருமையா இருக்கும்.

எழுதுறதுக்கு ஒரு கணக்குப்பிள்ளை. இவர் முடிவை மட்டும் எழுதக்கூடாது, பேசினதுல இருக்கிற நல்ல வரியையும் எழுதணும். எங்க நோட்ல "சார்ஜர் வயர் பிய்யுற இடங்கள்" ரிசல்ட் யாருக்கும் ஞாபகம் இல்ல, ஆனா ஓரத்துல எழுதியிருக்கிற "கழுத்துல பிஞ்சா அது முதுமை, நடுவுல பிஞ்சா அது கொலை"ங்கிற வரியை இன்னும் சொல்லி சிரிப்போம்.

ஆளுக்கு ஒரு வீட்டோ குடுங்க, ஒரு ராத்திரிக்கு ஒண்ணே ஒண்ணு. வீட்டோ போட்டா அந்த முடிவை ரத்து பண்ணி மறுபடி பேசணும். முக்கால்வாசி பேரு அதை கடைசி வரைக்கும் பதுக்கி வெச்சு யூஸே பண்ணாம வீட்டுக்கு எடுத்துட்டு போவாங்க, அதுவும் வேடிக்கைதான்.

வாதாடுறவங்களுக்கு

ஒரு ஐட்டத்துக்கு ஒரு நிமிஷம், டைமர் வைங்க. "எனக்குப் பிடிக்கும்"ங்கிறது வாதம் இல்ல. ஆதாரம் குடுங்க, ஆதாரம் பொய்யா இருந்தாலும் பரவால்ல, முகம் மட்டும் சீரியஸா இருக்கணும். இந்த விளையாட்டோட நகைச்சுவை மொத்தமும் அங்கதான் இருக்கு, ஜோக் சொல்லணும்னு நெனச்சு பேசினா யாரும் சிரிக்க மாட்டாங்க, உச்சநீதிமன்றத்துல பேசுற மாதிரி "கனம் நடுவர் அவர்களே, என் கட்சிக்காரரான இந்த ஒத்தை சாக்ஸ்"னு ஆரம்பிங்க, அப்புறம் பாருங்க. தனக்கு சுத்தமா பிடிக்காத ஐட்டத்துக்கு வக்கீலா நிக்கச் சொல்றது இன்னும் நல்லாருக்கும், சீட்டு குலுக்கி யாருக்கு எதுன்னு பிரிச்சுக்கோங்க. திங்கட்கிழமை காலைக்கு ஆதரவா பேசி ஒருத்தி அழ வெச்சா. நிஜமாவே ஒருத்தனுக்கு கண்ணு கலங்கிடுச்சு, அவன் அதை ஒத்துக்க மாட்டான்.

ஒரு எச்சரிக்கை, வரிசையா ஒண்ணொண்ணா பேசி மார்க் போடும்போது முதல்ல வந்ததுக்கு எல்லாரும் கஞ்சத்தனமா போடுவாங்க, "இன்னும் நல்லது வரலாம்"னு. அதனால முதல் ரெண்டு ஐட்டத்தை முடிச்சதும் ஃபிக்ஸ் பண்ணாதீங்க, கடைசில ஒரு தடவ திரும்பிப் பாருங்க.

குரூப் சாட்லயும் விளையாடலாம், ஆனா ஒரே ராத்திரில முடிக்கப் பாக்காதீங்க, ஒரு நாளைக்கு ஒரு மோதல், போல் போட்டு விடுங்க, ராத்திரி ஒன்பதுக்கு க்ளோஸ். வாய்ஸ் நோட் முப்பது செகண்டுக்கு மேல போனா அந்த ஓட்டு செல்லாது. (ஏழு நிமிஷம் அனுப்பினவன் ஒருத்தன் இருக்கான். இதை படிப்பான்.)

தொடக்கூடாதது

கூட உக்காந்திருக்கிற ஆளுங்களுக்கு ரேங்க் போடாதீங்க. "நம்மள்ல யாரு ரொம்ப லேட்டு, யாரு ரொம்ப கஞ்சம்"னு விளையாட்டா ஆரம்பிக்கும், கடைசி இடத்துல வந்தவர் சிரிச்சுக்கிட்டேதான் இருப்பார், ஆனா ரெண்டு வாரம் கழிச்சு அவர் ஏன் வரலன்னு யோசிச்சுக்கிட்டு இருப்பீங்க. நாங்க ஒரு தடவ பண்ணோம், சரி பண்ண மூணு மாசம் ஆச்சு. ஆள் உருவம், பழைய காதல், சம்பளம், ஒருத்தர் கஷ்டப்பட்டு செஞ்சு குடுத்த பொருள், இது எல்லாம் அதே கணக்கு. ஒருத்தருக்கு ஏதோ ஒண்ணு நிஜமாவே உசுருன்னு தெரிஞ்சா, ஒரு பாட்டோ ஒரு கேரக்டரோ, லிஸ்ட்லேருந்து அதை சத்தமில்லாம எடுத்துருங்க, எடுத்தேன்னு சொல்லவும் வேண்டாம்.

ரிசல்ட்டை என்ன பண்றது

தேதி போட்டு வெச்சுக்கோங்க. எல்லா தீர்ப்புக்கும் ஒரு வருஷம்தான் ஆயுசு, அப்புறம் மறுபடி போடலாம். சைட் அண்ட் சவுண்ட்ங்கிற பிரிட்டிஷ் சினிமா பத்திரிகை 1952லேருந்து பத்து வருஷத்துக்கு ஒரு தடவ விமர்சகர்களைக் கேட்டு உலகத்துலயே சிறந்த படங்கள்னு லிஸ்ட் போடுது. ஒரே படம் 1962லேருந்து 2002 வரைக்கும் அஞ்சு தடவை தொடர்ந்து முதல் இடத்துல உக்காந்திருந்துச்சு, அசைக்கவே முடியாதுன்னு எல்லாரும் நெனச்சாங்க, 2012ல வேற படம் வந்துச்சு, 2022ல அதையும் தள்ளிட்டு இன்னொண்ணு வந்துச்சு. அவ்வளவு பெரிய ஆளுங்களே மாத்திக்கிறாங்க, நம்ம சாக்ஸ் லிஸ்ட் எம்மாத்திரம்.

நடுவுல அப்பீல் பண்ணலாம், ஆனா எழுத்துல குடுக்கணும், புதுசா ஒரு ஆதாரமாவது இருக்கணும், விசாரணை அடுத்த தடவை சந்திக்கும்போதுதான். எங்க நோட்டோட கடைசிப் பக்கத்துல இப்போதைக்கு மூணு அப்பீல் நிலுவைல இருக்கு, மூணுமே "போன்ல சார்ஜ் இல்ல" கேஸ், மூணுமே ஒரே ஆளு, போன ஞாயிறு விசாரணைக்கு வெச்சோம், அவன் ஒரு மணி நேரம் லேட்டு. என்னடா ஆச்சுன்னு கேட்டோம். டிராஃபிக்காம்.